ஆபரணத்தின் காவல்

(நமது சங்கத்தின் தொழிற்பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



பொன்னாபரணத்தைப்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் முகத்தைப்பற்றியே பேசுவர். கல்லின் ஒளி, கட்டடத்தின் நயம், மெருகின் மினுக்கு, மாற்றின் உயர்வு ஆகிய இவையே வாங்குவோர் கண்ணுக்கும் செய்வோர் பேச்சுக்கும் பொருளாகின்றன. நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ ஆபரணத்தின் முதுகு. அதிலும் மார்பிலும் தோளிலும் பெண்டிர் அணியும் புரூச்சு என்னும் குத்தணியின் பின்னால், ஊசியின் நுனியைப் பிடித்து நிற்கும் சிறு கொக்கியே என் விஷயம். இதனை எடைபோட்டால் சில குன்றிமணிகளுக்கு மேற்படாது. ஆயினும் அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான இலக்கியம் நம் பட்டடையில் வேறு கிடையாது. ஆகையால் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறேன்.

புரூச்சின் தனிக்குறை

சங்கிலி கழுத்தைச் சுற்றி நிற்கிறது. வளையல் மணிக்கட்டைச் சூழ்ந்திருக்கிறது. மோதிரத்தை விரற்கணு தடுக்கிறது. தோட்டைக் காதின் துளையும் பின்னாலுள்ள திருகாணியும் தாங்குகின்றன. இவை யாவற்றிற்கும் அணிபவரின் தேகமே ஒரு காவல். அன்றியும் இவை நழுவுங்கால் தோலில் உராய்ந்து தம் போக்கை அறிவித்துவிடும்.

புரூச்சு ஒன்றே தேகத்தைத் தொடாமல் துணியை மாத்திரம் நம்பித் தொங்குவது. அதன் ஊசி கொக்கியினின்று விடுபட்டால், பட்டின் வழுவழுப்பில் ஓசையின்றி வழுகி இறங்கும். அணிந்தவளுக்கு ஒரு உணர்ச்சியும் உண்டாகாது. கலியாண வீட்டில் அணிந்து சென்றது, வீடு திரும்பிப் புடைவை களையும்போதுதான் இல்லையென்று தெரியவரும். எந்தத் தெருவில், எந்த வண்டியில், எந்தப் பந்தியில் விழுந்ததென்று தேடுவது?

பெறுமதி மிகுந்த புரூச்சுக்கும் இதே கதிதான். தென்னாப்பிரிக்காவில் 1905ஆம் ஆண்டில் அகப்பட்ட குல்லினன் என்னும் பெருவயிரத்தினின்று வெட்டப்பட்ட கற்களில் மூன்றாவது 94.4 காரட்டும், நான்காவது 63.6 காரட்டும் உடையவை. இவ்விரண்டையும் சேர்த்து ஒரு புரூச்சாக ஆங்கில அரசி எலிசபெத்து சில வைபவங்களில் அணிந்ததுண்டு. கற்களின் எடை மட்டும் 158 காரட்டு, அதாவது 31.6 கிராம், ஏறக்குறைய நான்கு பவுன். உலகத்தில் விலை மதிக்கவொண்ணாத அப்பொருளை அவள் தோளில் நிறுத்தியது துணிக்குள் சென்ற ஊசியும் அதன் நுனியைக் கவ்விய கொக்கியுமே. அரசியின் அணிக்கும் நம் வீட்டுப் பெண்ணின் அரைப்பவுன் அணிக்கும் இவ்விஷயத்தில் பேதமில்லை. பொருளின் நட்டம் யாருக்கும் நட்டமே. ஒரு பவுன் இழந்த ஏழைக் குடும்பத்துக்கு அது பின்னும் பெரிது.

பழையோர் கண்ட வழி

துணியை ஊசியால் பூட்டும் வழக்கம் மிகத் தொன்மையானது. கி.மு. 13ஆம் நூற்றாண்டளவில், அதாவது இற்றைக்கு மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கிரேக்க நாட்டிலும் வட இத்தாலியிலும் வெண்கலக் கம்பி ஒன்றையே வளைத்து, ஒரு முனையில் சுருளும் மற்றொரு முனையில் கொக்கியும் அமைத்துக் குத்தணி செய்தனர். அதற்கு ஃபிபுலா என்று பெயர். கீலுக்கும் வில்லுக்கும் வேறு உறுப்புத் தேடாமல் கம்பியின் சுருளையே இரண்டுமாக ஆக்கிய அவ்வறிவு வியக்கத்தக்கது. ஆயினும் கொக்கி திறந்த பள்ளமாகவே இருந்தது. துணி இழுக்கும் திசை மாறினால் ஊசி வெளியேறும்.

ஐயர்லாந்து தேசத்துப் பொற்கொல்லர் வேறொரு வழி கண்டனர். அங்கே 1850ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டு இப்பொழுது தப்ளின் நகரத்துத் தேசியக் காட்சிச்சாலையில் இருக்கும் தாரா புரூச்சு, ஏறக்குறைய 1300 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டது. பின்புறத்திலும் சித்திர வேலை நிறைந்த அப்புரூச்சில் ஒரு வெள்ளிச் சங்கிலியும் பிணைந்திருக்கிறது. முன்புறத்துக்குச் செலவிட்ட கைத்திறனை ஒருவர் கண்ணிலும் படாத பின்புறத்துக்கும் செலவிட்ட அத்தொழிலாளியின் மனத்தை நம் இளைஞர் சிந்திக்க வேண்டும்.

பின்னர் அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர் 1849ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி 6281ஆம் எண்ணுள்ள காப்புரிமை பெற்றார். அவர் செய்ததே நாம் இன்று ஊக்கு என்று வழங்குவது. ஒரே கம்பியில் சுருளும், நுனியை உள்ளடக்கும் கொக்கியும் அமைத்தமையால் ஊசி விரலைக் குத்தாது. எளிதில் வளையவும் செய்யாது. அப்பெரியாரைப்பற்றி முடிவில் இன்னும் ஒரு வார்த்தை சொல்ல இருக்கிறது.

நம் தேசத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்துப் படித்த குடும்பங்களில் புடைவைத் தலைப்பைத் தோளில் புரூச்சால் நிறுத்தும் கட்டு பரவிற்று. ரவிக்கையும் முந்தானைக் குத்தும் பொது வழக்கமாகவே, புரூச்சு பல மாகாணங்களிலும் புகுந்தது. கொசுவத்தையும் தலைப்பையும் ஊக்கால் நிறுத்தாத பெண் இன்று அரிது. ஆதலின் இவ்விஷயம் நமக்கு அந்நியமானதன்று.

ஊசியின் குணம்

புரூச்சின் பின்புறத்தில் உறுப்புக்கள் நான்கு. துணியைக் குத்தும் ஊசி ஒன்று. ஊசி திரும்பும் கீல் இரண்டு. நுனியைப் பிடிக்கும் கொக்கி மூன்று. கொக்கியின் வாயை அடைக்கும் காவல் நான்கு. காவலையும் கொக்கியையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்ததே காவற்கொக்கி எனப்படும். நாலாவதைப்பற்றிப் பேசுமுன் முதலாவதன் குணத்தை அறிதல் அவசியம். ஊசி சரியாக இல்லையேல் கொக்கி எவ்வளவு சிறந்ததாயினும் பயன்படாது.

ஊசி ஒரு வில். மூடிய நிலையில் அது சிறிது வளைந்து, எப்பொழுதும் விரிய முயன்றுகொண்டே இருக்க வேண்டும். அம்முயற்சியே அதனைக் கொக்கியின் உட்சுவரோடு அழுத்தி நிறுத்துகிறது. இதற்காகக் கீலில் ஒரு தடை வைத்து, ஊசி சற்றுத் திறந்த அளவிலேயே அத்தடையில் முட்டுமாறு செய்வர். முட்டிய பின் அதனைக் கொக்கிக்குள் தள்ளும் தூரமே வில்லின் வலிமை. தடையில்லாத கீலில் ஊசி தளர்ந்து ஆடும். தளர்ந்த ஊசி எந்தக் கொக்கியையும் விட்டு விலகும்.

வில்லின் கணக்கு கேளுங்கள். ஊசியின் நீளம் இருமடங்கானால், அதே அளவு வளைப்பதற்கு வேண்டிய பலம் எட்டில் ஒன்றாகக் குறையும். பருமன் இருமடங்கானாலோ, பலம் பதினாறு மடங்காகும். ஆதலின் கம்பியை இழுக்கும்போது அச்சின் ஒரு துளை முன்பின்னாக நிறுத்துவதுகூட ஊசியின் குணத்தை மாற்றிவிடும். மற்றொன்று: பருமன் மாறாமல் நீளம் பாதியானால், நுனியை அதே தூரம் தள்ளும்போது அடிப்பகுதியில் உலோகம் படும் இழுப்பு நான்கு மடங்காகிறது. சிறிய புரூச்சுக்களின் ஊசி சில நாட்களில் வளைந்து வலியிழப்பதற்குக் காரணம் இதுவே. குட்டை ஊசிக்கு வளைவைக் குறைத்து அசைவைக் கீலில் வைக்க வேண்டும். அல்லது ஃபிபுலாவிலும் ஊக்கிலும் போலச் சுருள் வைக்க வேண்டும். சுருளாவது கம்பியின் நீளத்தைச் சிறு இடத்தில் ஒளித்து வைக்கும் தந்திரமேயன்றி வேறில்லை.

உலோகத்தைப்பற்றியும் கூறவேண்டும். 916 என்று முத்திரை பெறும் 22 காரட்டுப் பொன் ஊசிக்கு மிகவும் மெதுவானது. 18 காரட்டுப் பொன்னில் நூற்றுக்கு 75 பங்கு பொன்னும் மீதி செம்பும் வெள்ளியும் பிறவுமாதலால் அது அதிக வலியுள்ளது. துருப்பிடியா எஃகு அதனினும் வலியது. எதனை வைத்தாலும் வாங்குவோரிடம் மறையாது கூறிப் பட்டியலில் எழுதிக் கொடுத்தல் நம் கடமை.

எவ்வுலோகமாயினும் அடித்தலாலும் இழுத்தலாலும் முறுக்குதலாலும் கெட்டிப்படுகிறது; நெருப்புக் காட்டினால் இளகுகிறது. இது நம் குழந்தைகளும் அறிந்த செய்தி. அறிந்திருந்தும், கீலையும் ஊசியையும் ஒன்றாகப் பொருத்திய பின் பற்றவைத்து, நன்கு கெட்டிப்பட்ட ஊசியை ஒரே ஊதலில் ஈயக்கம்பியைப்போல் ஆக்கிவிடுவோர் பலர். கீலையும் கொக்கியையும் முதலில் பற்றவைத்து, அரம்போட்டு, கல் பதித்து, மெருகிட்டு, எல்லா வேலையும் முடிந்த பின்னரே ஊசியைக் கீலில் கோத்து ஆணியடித்தல் முறை. ஊசியை முன்னதாகவே குறட்டிற் பிடித்து முறுக்கேற்றிக்கொள்ளல் வேண்டும்.

நுனி கூர்மையாக இருக்கலாம், கத்திபோல் வெட்டக்கூடாது. நன்கு மெருகிட்ட நுனி இழைகளை விலக்கிக்கொண்டு செல்லும். பிசிறுள்ள நுனி இழைகளை அறுக்கும். காஞ்சிபுரம் பட்டில் அறுந்த இழை திரும்ப ஒட்டாது.

கொக்கியின் வகைகள்

வழக்கத்திலுள்ள கொக்கிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது திறந்த கொக்கி. கம்பியை வளைத்துப் பற்றவைத்த அளவே. வேலை குறைவு, விலை குறைவு, காவல் இல்லை. துணி ஊசியை உள்நோக்கி அழுத்தும்வரை நிற்கும். குழந்தை ஒன்று தோளைப் பற்றி இழுத்தால் விட்டுவிடும். பழைய புரூச்சுக்களில் பெரும்பாலும் காணப்படுவது இதுவே.

இரண்டாவது சங்கிலிக் காவல். புரூச்சின் ஓரத்தில் ஒரு சிறு சங்கிலியும் அதன் முனையில் ஒரு சிறு ஊக்கும் இருக்கும். பெரிய ஊசி விட்டாலும் சிறிய ஊக்குத் துணியில் தொங்கவைக்கும். பார்வைக்கு அழகில்லை என்று இதனை நீக்குவோர் உண்டு. எனினும் இதன் உட்கருத்து உயர்ந்தது: இரண்டு தனித்தனிப் பூட்டுக்கள் ஒரே நேரத்தில் தவறுவது அரிது.

மூன்றாவது குழாய்க் கொக்கி. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மிகுதியாக வழங்கியது. ஒரு சிறு குழாயினுள் மற்றொரு சிறு குழாய் ஓடும். உட்குழாயைப் பின்னுக்கு இழுத்து ஊசி நுனியை இருத்தி, மறுபடி முன்னுக்குத் தள்ளினால் நுனி குழாய்க்குள் மறையும். ஊதுகின்ற டிராம்போன் என்னும் வாத்தியத்தைப்போல் நீளுவதால் அப்பெயராலேயே இதனை அழைப்பர். இதன் சிறப்பு யாதெனில், ஊசி விடுபட முயலும் திசை வேறு, குழாய் திறக்கும் திசை வேறு. ஊசி எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் குழாய் அசையாது. இதன் குறையோ, உட்குழாயை நிறுத்துவது உராய்வு ஒன்றே. நாட்பட்டால் தேய்ந்து தானே வழுகும்.

நாலாவது உருளும் கொக்கி. 20ஆம் நூற்றாண்டில் பரவி இன்று கடைகளில் ஆயத்தமாகவே விற்பது. வாய் திறந்த ஒரு வளையமும் அதனுள் சுழலும் மற்றொரு வளையமும் இருக்கும். இரண்டு வாய்களும் நேர்படும்போது ஊசி நுழையும். உள்வளையத்தின் சிறு காம்பை விரலால் தள்ளினால் வாய் அடைபடும். சிறியது, எளியது, மலிந்தது. ஆனால் இதிலும் சுழற்சியைத் தடுப்பது உராய்வு மட்டுமே. அன்றியும் அச்சிறு காம்பில் சேலையின் இழையோ ஜரிகையோ மாட்டி இழுக்குமானால், கை செய்யவேண்டிய வேலையைத் துணியே செய்துவிடும். பற்றவைக்கும்போது பொடி உருகி உள்வளையத்தில் ஓடினாலோ கொக்கி முழுவதும் இறுகிப் பாழாகும். அவ்விடத்தில் காவிக் குழம்பு பூசிக்கொண்டு பற்றவைத்தால் பொடி ஓடாது.

கொக்கி அமைக்கும் விதிகள்

இவற்றின் குணதோஷங்களை ஆராய்ந்தால், நல்ல காவற்கொக்கிக்கு வேண்டிய இலக்கணம் தானே தோன்றும். கொக்கியைத் திறக்க வருவன இரண்டு: ஒன்று அணிந்தவளின் கை, மற்றொன்று எதிர்பாராத தற்செயல். இவ்விரண்டையும் பகுத்தறியவல்ல கொக்கியே காவற்கொக்கி. கை திறக்க வந்தால் முரண்டாமல் திறக்க வேண்டும். தற்செயல் வந்தால் திறக்கவே கூடாது. உயிரற்ற பொன் எவ்வாறு பகுத்தறியும் என்று கேட்பீராயின், கூறுகிறேன்.

தற்செயல் எப்பொழுதும் ஒரு திசையில் ஒரு செயலையே செய்யும். துணி இழுக்கும், அல்லது பாரம் தொங்கும், அல்லது கை உராயும். முதலில் அழுத்தி, அழுத்தியவாறே திருப்பி, அதன்பின் இழுப்பது என்ற முறையான தொடர்ச்சி தற்செயலுக்கு வராது. அது அறிவுள்ள கைக்கே வரும். ஆதலின் ஒரே அசைவால் திறக்கும் கொக்கி பூட்டாகாது. திசை வேறுபட்ட இரண்டு அசைவால் திறப்பதே பூட்டு. வீட்டு மின்விளக்கின் குமிழை அதன் பிடியில் அழுத்தித் திருகிப் பொருத்தினோமே, அது எத்தனை அதிர்ச்சியிலும் விழாமல் நின்றதற்குக் காரணம் இதுவே. குழந்தைகள் திறவாவண்ணம் சில மருந்துப் புட்டிகளுக்கு அழுத்தித் திருகும் மூடி வைப்பதும் இதே நியாயத்தால்தான்.

இந்நியாயத்தைக் குழாய்க் கொக்கிக்கு இவ்வாறு பொருத்தலாம். வெளிக்குழாயில் 'ட' என்னும் எழுத்தைப்போல் ஒரு வெட்டு வெட்டுக. நீண்ட கிளை குழாயின் நெடுக்கிலும், குறுகிய கிளை ஊசிப்பக்கத்து முனையில் குறுக்காகவும் செல்லட்டும். குறுங்கிளையின் முடிவில் ஊசியை நோக்கி ஒரு சிறு பள்ளம் இருக்கட்டும். உட்குழாயில் பற்றிய ஒரு காம்பு இவ்வெட்டின் வழியே வெளியே நிற்கும். உட்குழாய்க்குப் பின்னால் ஒரு நுண்ணிய சுருள்வில் அதனை ஊசிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மூடிய நிலையில் காம்பு அப்பள்ளத்தில் அமர்ந்திருக்கும். திறக்க வேண்டுமானால் காம்பைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பள்ளத்தினின்று எடுத்து, குறுக்கே திருப்பி, பிறகு நெடுக்கில் இழுக்க வேண்டும். விரலுக்கு இது ஒரு நொடிப்பொழுது. தற்செயலுக்கு ஒருபோதும் இயலாது. சுருள்வில்லை எல்லாப் பற்றுவேலையும் முடிந்த பின்னரே உள்ளே செலுத்துதல் வேண்டும். இவ்வமைப்புக்கு இடம் வேண்டுமாகையால் பெரிய புரூச்சுக்களுக்கே இது ஏற்றது.

சிறிய புரூச்சுக்கு உருளும் கொக்கியையே வைத்து, உள்வளையத்தில் ஒரு சிறு மேடும் வெளிவளையத்தில் அம்மேடு விழும் ஒரு சிறு குழியும் அமைத்தல் போதும். மூடியதும் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். இஃது ஒரு முக்கியமான குணம். ஏனெனின் தோளின் பின்னே கை செல்லும்போது கண் அதனைக் காணாது. கொக்கி தான் மூடியதை ஓசையாலாவது உணர்ச்சியாலாவது சொல்ல வேண்டும். காம்பையும் உயர்த்தி வையாமல், நகம் பதியுமளவு தாழ்த்தி உருட்டி வைத்தால் இழை மாட்டாது.

மூன்றாவது விதி: தவறினாலும் விழாமை. எக்காவலும் ஒரு நாள் தவறக்கூடும் என்று எண்ணியே கருமான் வேலை செய்ய வேண்டும். கொக்கியின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். அப்பொழுது புரூச்சின் பாரமே கொக்கியை ஊசியின்மேல் அமர்த்தும்; முளையில் மாட்டிய குடையைப்போல் அது தொங்கும். வாய் மேல்நோக்கி இருந்தாலோ அப்பாரமே கொக்கியை ஊசியினின்று பிரிக்கும். வலக்கைப் பழக்கமுள்ளவளுக்குக் கீல் அவளது வலப்பக்கத்திலும் கொக்கி இடப்பக்கத்திலும் வரவேண்டும். ஊசி புரூச்சின் நடுக்கோட்டுக்கு மேலாக, மேல்மூன்றிலொரு பங்கில் அமைய வேண்டும். நடுவிலோ கீழோ வைத்தால் புரூச்சு தலைகுப்புறச் சாய்ந்து துணியை இழுக்கும். ஊசியின் நுனி ஆபரணத்தின் ஓரத்துக்கு வெளியே நீளலாகாது.

நாலாவது விதி: கைக்கு இணக்கம். முதியவர்களின் விரல் நடுங்கும், கண்ணும் மங்கும். அவர்கள் திறக்க முடியாத காவலை இரண்டு தினம் பொறுத்து, மூன்றாம் தினம் திறந்தபடியே விட்டுவிடுவர். பூட்டப்படாத பூட்டால் என்ன பயன்? வலிமையும் எளிமையும் ஒருங்கே அமைவதே இத்தொழிலில் கடினம். கடினமாகையாலேயே அது நம் சிந்தைக்குத் தகுந்தது.

செய்து முடித்த கொக்கியைச் சோதியாமல் கொடுத்தலாகாது. ஐந்நூறு முறையாவது திறந்து மூடிப் பார்க்க வேண்டும். மெல்லிய பட்டிலும் தடித்த கம்பளியிலும் குத்தி, புரூச்சின் எடைக்கு மூன்று மடங்கு பாரம் கட்டிக் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஜரிகை ஓரத்தைக் கொக்கியின்மேல் நாற்புறமும் இழுத்துப் பார்க்க வேண்டும். இம்மூன்றிலும் தேறியதே வெளியே செல்லத் தக்கது.

அறிவின் உரிமை

வால்டர் ஹன்டைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல இருக்கிறதென்றேன். அவர் 15 டாலர் கடனைத் தீர்க்கவேண்டி ஊக்கை யோசித்தாரென்றும், அதன் உரிமை முழுவதையும் 400 டாலருக்கு விற்றுவிட்டாரென்றும் கூறுவர். அதற்கு முன்னரே இரட்டை நூலால் தைக்கும் யந்திரம் ஒன்றையும் அவர் செய்தார். தக்க காலத்தில் அதற்கு உரிமை பெறாது விட்டார். பின்பு அவ்வகை யந்திரத்துக்கு 1846ஆம் ஆண்டில் இலியாஸ் ஹோ என்பவர் உரிமை பெற்றார். உலகமெங்கும் கோடிக்கணக்கில் வழங்கும் பொருளைக் கண்ட கைக்குக் கிடைத்தது அவ்வளவே.

நம் பட்டடைகளில் இத்தகைய நுட்பங்கள் நாள்தோறும் தோன்றி, தோன்றிய இடத்திலேயே மறைகின்றன. அல்லது பிறர் கைக்குச் சென்று, பெயரில்லாமல் ஊர் சுற்றுகின்றன. ஆதலின் சட்டத்தின் சாரத்தை இளைஞர் அறிந்திருத்தல் நலம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் பொருளின் கண்ணுக்குத் தோன்றும் உருவத்துக்கும் அலங்காரத்துக்கும் பாதுகாப்புத் தருவது. அப்பாதுகாப்பு முதலில் 10 ஆண்டுகளும், வேண்டினால் மேலும் 5 ஆண்டுகளும் நிற்கும். புரூச்சின் முகத்துக்கு அது பொருந்தும். ஆனால் கொக்கி வேலை செய்யும் முறை அச்சட்டத்துக்குள் அடங்காது. அதற்கு 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே வழி. அவ்வுரிமை விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டுகளுக்கு உரியது. விண்ணப்பிக்குமுன் கண்காட்சியிலோ கடையிலோ கொக்கியை வெளிப்படுத்திவிட்டால் அது புதுமையிழந்து உரிமைக்குத் தகுதியற்றதாகப் போகக்கூடும். ஆகையால் முதலில் எழுத்து, பிறகு காட்சி என்பதை நினைவில் வையுங்கள். சென்னையிலும் காப்புரிமை அலுவலகத்தின் கிளை உண்டு. நான் மேலே கூறிய நியாயங்கள் யாவும் பொதுச்சொத்து. அவற்றை எவரும் எடுத்தாளலாம். அவற்றின்மேல் நீங்கள் புதிதாகக் கட்டுவதே உங்களுடையது.

சகோதரிகளுக்கு

இனி, அணிபவராகிய சகோதரிகளுக்குச் சில சொற்கள். புரூச்சு வாங்கும்போது முகத்தைப் பார்த்தபின் திருப்பிப் பாருங்கள். ஊசியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கீல் ஆடினால் நுனி நாளடைவில் கொக்கியைத் தவறும். மூடிய நிலையில் ஊசி சிறிது இறுக்கமாக நிற்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கொக்கியை மூடிவிட்டுத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள், திறந்துகொண்டால் வாங்காதீர்கள். அணியும்போது ஒரே மடிப்பில் குத்தாமல், முந்தானையின் இரண்டு மூன்று மடிப்புக்களையும் ரவிக்கையையும் சேர்த்து, ஊசி துணிக்குள் இருமுறை புகுந்து வெளிவருமாறு குத்துங்கள். பாட்டியின் பழைய புரூச்சில் திறந்த கொக்கி இருந்தால், முகத்தைச் சிதைக்காமல் பின்புறத்தில் சங்கிலிக் காவல் ஒன்று வைப்பது நல்லது. கல் வைத்த அணியில் நெருப்பு வேலை செய்யுமுன், குறிப்பாக மரகதமும் முத்தும் இருப்பின், கைதேர்ந்தவரிடமே கொடுங்கள்.

இக்காலத்தில் ஊசியே இல்லாமல் காந்தத்தால் ஒட்டும் புரூச்சுக்களும் வருகின்றன. பட்டில் துளை விழாது என்பது மெய்யே. ஆயினும் இருதயத்தில் துடிப்பு யந்திரம் பொருத்தியவர்கள் அதனை மார்பில் அணிதல் ஆபத்து. சிறு குழந்தைகள் அக்காந்தங்களில் இரண்டினை விழுங்கிவிட்டால், அவை குடலுக்குள் ஒன்றையொன்று கவ்விப் பெருந்தீங்கு செய்யும். குழந்தை தோளிற் சாயும் வீட்டில் ஊசியாயினும் காந்தமாயினும் எச்சரிக்கை வேண்டும். தாலாட்டும் வேளையில் புரூச்சைக் கழற்றி வைப்பதே உத்தமம்.

முடிவு

தொழிலாளியின் திறமைக்கு முன்புறம் சாட்சி. அவன் நாணயத்துக்குப் பின்புறமே சாட்சி. வாங்குவோர் காணாத இடத்தில், பரிசோதிக்க அறியாத உறுப்பில், ஒருவன் எவ்வளவு சிரத்தை வைக்கிறான் என்பதிலேதான் அவனை நம்பலாமா கூடாதா என்பது விளங்கும். பொன்னை மாற்றுக் குறையாமல் கொடுப்பது ஒரு நாணயம்; கொடுத்த பொன் அவர்கள் மேனியினின்று விழாமல் நிற்கச் செய்வது மற்றொரு நாணயம். முன்னதைச் சட்டமும் முத்திரையும் இப்பொழுது கவனிக்கின்றன. பின்னதைக் கவனிக்க நம் மனமன்றி வேறு அதிகாரி இல்லை.

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் தொழிற்பகுதியார் அடுத்த ஆண்டில் இளைஞர்களுக்குள் ஒரு போட்டி வைத்து, புரூச்சு, வளையல், சங்கிலி ஆகிய மூன்றிற்கும் சிறந்த காவல் செய்வோருக்குப் பரிசளிப்பார்களாக. பரிசு பெற்ற கொக்கியைக் காட்சியில் வைக்குமுன், அதனைக் கண்டவன் பெயரில் உரிமை பெறுவதற்கு வேண்டிய பொருளுதவியையும் சங்கமே செய்வதாக. அவ்வாறு செய்தால், நம்மவன் கண்ட கொக்கி நம்மவன் பெயராலேயே வழங்கும்.